162 வாங்கினால் ஐன்ஸ்டீனை முந்திவிட்டதாகப் பொருளா? ஐ.கியூ. எண்ணை வாசிக்கும் முறை

"ஐன்ஸ்டீனை மிஞ்சிய பதினொரு வயதுச் சிறுமி" என்பது போன்ற தலைப்பு அவ்வப்போது நம் கண்ணில் பட்டுவிடும். சம்பவம் பெரும்பாலும் பிரிட்டனில் நடந்திருக்கும். உயர்ந்த ஐ.கியூ. உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளும் மென்சா என்ற அமைப்பு நடத்தும் ஐ.கியூ. சோதனையை, அதாவது அறிவுத்திறன் சோதனையை, எழுதிய குழந்தைக்கு 162 கிடைத்திருக்கும். ஐன்ஸ்டீனுக்கும் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கும் 160, ஆகவே குழந்தை அவர்களைவிட இரண்டு புள்ளி அதிகம் என்று செய்தி முடியும். புதிர் ஆர்வலர்கள் நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் இந்தச் செய்தியைப் போட்டால் போதும், வாக்குவாதம் கிளம்பிவிடும். "எனக்கு 148" என்பார் ஒருவர். "எனக்கு 132தான்" என்பார் இன்னொருவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. மூன்றாமவர், "அறிவை எண்ணால் அளக்க முடியுமா? எல்லாம் ஏமாற்று" என்று எழுந்து போய்விடுவார்.

இவர்கள் மூவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 148க்கும் 132க்கும் இடையே உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாமல் இருக்கலாம். அந்தச் சிறுமியின் 162, வேறொரு சோதனையின் அளவுகோலில் 139 என்று வந்திருக்கலாம். ஐன்ஸ்டீனின் 160 எந்தச் சோதனையிலிருந்தும் வந்ததல்ல. அவர் ஐ.கியூ. சோதனை எழுதியதாகப் பதிவே கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஊகித்துச் சூட்டிய எண் அது. ஹாக்கிங்கிடம் 2004இல் நியூயார்க் டைம்ஸ் இதழுக்காக இதே கேள்வியைக் கேட்டார்கள். தனக்குத் தெரியாது என்றவர், ஐ.கியூ.வைச் சொல்லிப் பெருமையடிப்பவர்கள் உருப்படாதவர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மார்க் அல்ல, ரேங்க்

இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு விஷயம் புரிந்தால் தீர்ந்துவிடும். ஐ.கியூ. என்பது மார்க் போலத் தோன்றும் ரேங்க். கணக்கில் 78 மார்க் என்றால், அது மாணவன் எழுதிய விடைத்தாளைப் பொறுத்தது. வகுப்பில் மூன்றாவது ரேங்க் என்றால், பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் என்ன எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது. அதே விடைத்தாளை வேறு பள்ளிக்குக் கொண்டுபோனால் மார்க் 78ஆகவே இருக்கும். ரேங்க் முப்பதாகக்கூட இறங்கலாம். ஐ.கியூ. 100 என்றால் நூறு அலகு அறிவு இருக்கிறது என்று பொருளில்லை. உங்கள் வயதுக்காரர்களை வரிசையில் நிறுத்தினால் நீங்கள் நட்டநடுவில் நிற்கிறீர்கள் என்று பொருள். அதனால்தான் 140 வாங்கியவர் 70 வாங்கியவரைவிட இருமடங்கு அறிவாளி என்று சொல்ல முடியாது. பத்தாவது ரேங்க் வாங்கியவனின் இருமடங்கு திறமை ஐந்தாவது ரேங்க் வாங்கியவனுக்கு இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

இந்த ரேங்க் எப்படி மூன்றிலக்க எண்ணாகிறது? சோதனையைத் தயாரிப்பவர்கள் முதலில் ஒரு மாதிரிக் குழுவுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். வெக்ஸ்லர் என்ற உளவியலாளரின் பெயரால் வழங்கும் பெரியவர்களுக்கான சோதனையின் நான்காம் பதிப்பு 2008இல் வந்தது. அதற்காக 16 வயது முதல் 90 வயது வரையுள்ள 2,200 பேரை, வயதுவாரியாக 13 பிரிவுகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் வந்த சராசரியை 100 என்று பெயரிட்டார்கள். சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு உண்டு. திட்டவிலக்கம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்த ஒரு திட்டவிலக்கத்தை 15 புள்ளி என்று வைத்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கின்படி நூற்றில் 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 95 பேர் 70க்கும் 130க்கும் இடையில் அடங்கிவிடுவார்கள். 130க்கு மேலே நூற்றுக்கு இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள்.

15 என்பதில் எந்த மகிமையும் இல்லை. வெக்ஸ்லர் 15 வைத்தார். ஸ்டான்ஃபோர்டு–பினே சோதனையின் பழைய பதிப்புகள் 16 வைத்திருந்தன. பிரிட்டிஷ் மென்சா வெகுகாலம் பயன்படுத்தியது ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளரின் சோதனை; அந்தக் கேட்டல் சோதனையில் அது 24. முதல் இரண்டு சதவீதத்துக்குள் வருபவரை மென்சா சேர்த்துக்கொள்ளும். அந்த வாசற்படி வெக்ஸ்லரில் 130, பழைய ஸ்டான்ஃபோர்டு–பினேயில் 132, கேட்டலில் 148. குரலைத் தாழ்த்திப் பேசிய நம் நண்பருக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம். அவரும் 148காரரும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள்.

அந்த 162ஐயும் இப்போது பிரித்துப் பார்த்துவிடலாம். 100க்கு மேலே 62 புள்ளி. அதை 24ஆல் வகுத்தால் சுமார் 2.6 திட்டவிலக்கம். வெக்ஸ்லர் கணக்கில் அதை 15ஆல் பெருக்கி 100ஐக் கூட்டினால் 139. ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவர். பெருமைப்பட வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் வெக்ஸ்லர் அளவில் 162 என்றால் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் ஒருவர் என்றாகும். இரண்டும் வேறு வேறு ஊர். இன்னொன்றும் உண்டு: பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கேட்டல் சோதனை தரக்கூடிய உச்ச மதிப்பெண்ணே 162தான், பெரியவர்களுக்கு 161. ஆகையால்தான் செய்தியில் வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லிவைத்தாற்போல் அதே எண் வருகிறது.

பாரிஸில் ஆரம்பித்த கதை

இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவருக்குக் குழந்தைகளை வரிசைப்படுத்தும் ஆசை இருந்ததில்லை. பிரான்சில் கட்டாயக் கல்வி வந்த பிறகு, வகுப்போடு சேர்ந்து நடக்க முடியாத குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1904இல் அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இருந்த ஆல்ஃபிரட் பினே, தன் சகாவான தியோடர் சிமோனோடு சேர்ந்து 1905இல் முப்பது சிறு பயிற்சிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதுதான் நோக்கம். 1908இல் பயிற்சிகளை வயதுவாரியாக அடுக்கினார். எட்டு வயதுக் குழந்தைகள் வழக்கமாகச் செய்வதை மட்டுமே ஒரு பத்து வயதுச் சிறுவனால் செய்ய முடிகிறது என்றால், அவனுடைய மன வயது எட்டு. பத்திலிருந்து அதைக் கழித்தால், அவன் இரண்டு ஆண்டு பின்தங்கியிருக்கிறான். அவனுக்குப் பயிற்சி கொடுங்கள். அவ்வளவுதான். அறிவு என்பது பிறவியில் நிலைத்துப்போன அளவு, அதைக் கூட்டவே முடியாது என்று பேசியவர்களை அவர் கடுமையாக எதிர்த்தார். 1911இல் அவர் இறந்துபோனது, இந்தச் சோதனையின் வரலாற்றில் நடந்த பெரிய துரதிருஷ்டம் என்பேன்.

அடுத்த ஆண்டே ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன், கழிப்பதற்குப் பதிலாக வகுக்கலாம் என்றார். 1916இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன், வந்த விடையை நூறால் பெருக்கினார். மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்கு: ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்த எவருக்கும் இந்த வாய்பாடு தூக்கத்தில்கூட வரும். சிக்கல் என்னவென்றால், இன்று பயன்படும் முக்கியச் சோதனைகள் இந்த வாய்பாட்டைக் கைவிட்டு வெகுகாலமாயிற்று. காரணம் எளிது. பத்து வயதுச் சிறுவனுக்குப் பன்னிரண்டு வயது அறிவு என்றால் புரிகிறது. நாற்பது வயதுக்காரருக்கு நாற்பத்தெட்டு வயது அறிவு என்றால் என்ன புரிகிறது? நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பெரியவர்களைச் சோதித்துக்கொண்டிருந்த டேவிட் வெக்ஸ்லருக்கு இது அன்றாடத் தலைவலி. 1939இல் அவர் வெளியிட்ட சோதனைதான் நாம் மேலே பார்த்த ரேங்க் முறையைக் கொண்டுவந்தது.

பழைய வாய்பாட்டின் எச்சம் ஒன்று இன்றும் உலவுகிறது. மெரிலின் வாஸ் சாவன்ட் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளரை 1980களில் கின்னஸ் புத்தகம் உலகிலேயே அதிக ஐ.கியூ. உள்ளவர் என்று போட்டது: 228. பத்து வயதில் அவர் எழுதிய சோதனையில் மன வயது 22 ஆண்டு 10 மாதம் என்று வந்ததாம், வகுத்தால் 228. இதை ரேங்க் என்று எண்ணி, 16 புள்ளித் திட்டவிலக்கத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுத் திட்டவிலக்கம் மேலே. அப்படி ஒருவர் கிடைக்க இன்றைய மக்கள்தொகை கொண்ட பூமிகள் இரண்டு லட்சம் வேண்டும். அந்தப் பெண்மணி கூர்மையானவர் என்பதில் ஐயமில்லை. எண்தான் வேறு மொழியில் எழுதப்பட்டது. கின்னஸ் 1990இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. நல்ல காரியம்.

ஆர்வலர்களோ விடுவதாயில்லை. மென்சா 1946இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோலண்ட் பெரில், லான்சலாட் வேர் என்ற இருவரால் தொடங்கப்பட்டது. ஐம்பதில் ஒருவருக்கு அங்கே இடம் உண்டு என்பது சிலருக்குக் கசந்தது. ஆயிரத்தில் ஒருவருக்கான டிரிபிள் நைன் சங்கம் 1978இல் வந்தது. பிறகு பத்து லட்சத்தில் ஒருவருக்கான மெகா சங்கம். அதற்காக ரொனால்டு ஹெஃப்ளின் உருவாக்கிய 48 கேள்விச் சோதனை 1985 ஏப்ரலில் ஆம்னி இதழில் அச்சானது. வீட்டுக்குக் கொண்டுபோய், நேரக்கட்டுப்பாடு இல்லாமல், அகராதியைப் புரட்டிக்கொண்டே எழுதலாம். புதிர் என்ற முறையில் அந்தக் கேள்விகள் அபாரமானவை. வாரக்கணக்கில் மண்டையைக் குடையும். ஆனால் பத்து லட்சத்தில் ஒருவர் என்று சொல்வதற்கு எத்தனை பத்து லட்சம் பேரைச் சோதித்தார்கள்? அந்த இதழை வாங்கி, புதிரை விரும்பி, பொறுமையாக விடை எழுதி அனுப்பியவர்களைத்தான். அவர்கள் மக்கள்தொகையின் மாதிரி ஆகமாட்டார்கள்.

முறையான சோதனைகளுக்கும் இந்த வரம்பு உண்டு. 2,200 பேர் கொண்ட மாதிரியில் முப்பதாயிரத்தில் ஒருவர் எப்படி அகப்படுவார்? 160 என்பது அந்த அரிய இடம்தான். அந்த உயரத்தில் அச்சாகும் எண், மதிப்பெண்கள் பரவும் வளைகோட்டை நீட்டிப் பார்த்துக் கணித்தது. அங்கே 157க்கும் 160க்கும் வேறுபாடு பேசுவது வீண் வேலை. சோதனை நன்றாக வேலை செய்வது நடுப்பகுதியில். அதாவது, யாரும் பெருமையடித்துக்கொள்ளாத பகுதியில்.

ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பட்டை

அறிக்கையில் 128 என்று போட்டிருந்தால் அது ஒரு புள்ளி என்று நினைத்துவிடுகிறோம். எந்தச் சோதனைக்கும் பிழை உண்டு. அன்று தலைவலி இருந்திருக்கலாம். ஊகித்துச் சொன்ன இரண்டு விடை சரியாகியிருக்கலாம். இந்தப் பிழையைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. சோதனையின் நம்பகத்தன்மை, அதாவது மறுபடி அளந்தாலும் விடை மாறாமல் இருக்கும் அளவு, 0.95 என்றால் அது மிக நல்ல சோதனை (1 என்றால் பிழையே இல்லை). அப்போதும் பிழை அளவு சுமார் 3.4 புள்ளி வரும். நூற்றுக்கு 95 முறை சரியாக இருக்க வேண்டுமென்றால் இருபுறமும் ஆறு ஏழு புள்ளி விட்டுச் சொல்ல வேண்டும். அதாவது 128 என்பதை "121 முதல் 135 வரை எங்கோ" என்று வாசிக்க வேண்டும். 128காரர் மென்சாவுக்கு வெளியே நிற்பதும் 131காரர் உள்ளே உட்கார்ந்திருப்பதும் அறிவினால் வந்த வேறுபாடாக இல்லாமல், அன்றைய அதிர்ஷ்டத்தால் வந்ததாகவே இருக்கலாம்.

ஆர்வலர்களின் தனிப் பழக்கம் ஒன்று இங்கே வேலையைக் காட்டும். ஐந்தாறு சோதனை எழுதுவார்கள். மிக உயர்ந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அதிர்ஷ்டம் மிகவும் ஒத்துழைத்த நாள்தானே உயர்ந்த எண்ணாக வரும்? அடுத்த முறை எழுதினால் கொஞ்சம் இறங்குவது இயல்பு. போதாததற்குத் திரும்பத் திரும்ப எழுதினால் கேள்வியின் சூட்சுமம் பிடிபட்டுவிடும், எண் ஏறும். ஏறியது பழக்கம், வேறொன்றுமில்லை.

இது வெறும் விளையாட்டாக இல்லாமல் போன இடமும் உண்டு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. புளோரிடா மாநிலம் அதற்கு ஒரு கோடு போட்டது: ஐ.கியூ. 70 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் குறைபாட்டுக்கான மற்றச் சான்றுகளைக் கேட்போம். ஹால் என்ற கைதிக்கு 71. ஒரே ஒரு புள்ளி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சோதனையைத் தயாரித்தவர்களே பிழைப் பட்டை உண்டு என்று சொல்லும்போது, மாநிலம் அதைக் கண்டுகொள்ளாமல் ஒற்றை எண்ணில் கோடு கிழிக்க முடியாது என்று 2014இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. 2016இல் புளோரிடா உச்ச நீதிமன்றம் அவருடைய மரண தண்டனையை நீக்கியது. 2014 தீர்ப்பில் நான்கு நீதிபதிகள் மாறுபட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். பட்டை என்ற கருத்து படித்தவர்களுக்கும் எளிதில் இறங்குவதில்லை.

அறைக்குள் என்ன நடக்கிறது

இணையத்தில் பத்து நிமிடத்தில் முடியும் சோதனைகளைப் பார்த்தவர்களுக்கு உண்மையான சோதனை வியப்பாக இருக்கும். ஒரு மேசை, எதிரே உளவியலாளர், கையில் நிறுத்துகடிகாரம். ஒன்று ஒன்றரை மணி நேரம் ஆகும். விநாடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்வார்: 7, 2, 9, 4, 1. திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கடைசியிலிருந்து முதலாகச் சொல்லச் சொல்வார். நேராகச் சொல்லும்போது ஏழு எண் வரை எளிதாகப் போனவர் தலைகீழாக ஐந்திலேயே தடுமாறுவார். பக்கத்தில் யாரையாவது வைத்து முயன்று பாருங்கள். அடுத்து சிவப்பும் வெள்ளையுமான கட்டைகள். சில முகங்கள் முழுச் சிவப்பு, சில முழு வெள்ளை, சில குறுக்காகப் பாதிப் பாதி. படத்தில் உள்ள வடிவத்தை அந்தக் கட்டைகளால் அடுக்க வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பகுதியில் இரண்டு பொருள்களின் ஒற்றுமையைக் கேட்பார்கள். உண்மையான கேள்விகளை வெளியிடுவதில்லை என்பதால் ஒன்றை நானே சொல்கிறேன்: படகுக்கும் மாட்டுவண்டிக்கும் என்ன ஒற்றுமை? "இரண்டிலும் பயணம் போகலாம், இரண்டும் ஊர்திகள்" என்றால் இரண்டு புள்ளி. "இரண்டும் மரத்தால் செய்தவை" என்றால் பொய்யில்லை, ஆனால் ஒரு புள்ளிதான். "மாட்டுவண்டி ஆற்றைக் கடக்கப் படகு வேண்டும்" என்றால் சுழியம். கடைசி விடை சொன்னவர் முட்டாளா? ஆற்றங்கரைக்காரராகக்கூட இருக்கலாம். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

இப்படி வெவ்வேறாகத் தோன்றும் பத்துப் பகுதிகளை ஏன் ஒரே எண்ணாகக் கூட்டுகிறார்கள்? 1904இல் சார்லஸ் ஸ்பியர்மேன் என்ற ஆங்கிலேயர் கவனித்த விஷயம்தான் காரணம். ஒன்றில் நன்றாகச் செய்பவர்கள் மற்றவற்றிலும் சராசரிக்கு மேலே வரும் போக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று ஓடுகிறது என்று அவர் அதற்கு "ஜி" என்று பெயர் வைத்தார். அந்தப் போக்கு இருப்பதில் இன்றும் தகராறு இல்லை. திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. அது மூளையில் உள்ள ஒரு பொருளா, பல திறன்கள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதால் தோன்றும் கூட்டு விளைவா என்பதில்தான் சண்டை.

கேள்வியை எந்த ஊரில் தயாரித்தார்கள் என்பதும் ஒளிந்து நிற்கும். முதல் உலகப் போரில் ராபர்ட் யெர்க்ஸ் குழுவினர் பதினேழு லட்சம் அமெரிக்கச் சிப்பாய்களைச் சோதித்தார்கள். அதில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? அமெரிக்க மளிகைக் கடையில் விற்கும் சமையல் கொழுப்பு அது. அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய இத்தாலியருக்கு எப்படித் தெரியும்? வந்த எண்களை வைத்து, இன்ன நாட்டுக்காரர்கள் மந்தமானவர்கள் என்று முடிவு கட்டினார்கள். இந்தக் குறையைத் தவிர்க்கத்தான் சொல்லே இல்லாத வடிவப் புதிர்கள் வந்தன; ஒன்பது கட்டங்களில் கடைசிக் கட்டத்தை நிரப்பச் சொல்லும் ராவன் சோதனையைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது 1930களின் இறுதியில் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், பண்பாட்டின் பாதிப்பே படாது என்று நம்பிய அந்த வடிவப் புதிர்களில்தான் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் தாவியது. நியூசிலாந்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஃபிளின் 1984இலும் 1987இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதை உலகறியச் செய்தன. அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி ஏற்றம். நெதர்லாந்தில் படைக்குத் தேர்வான இளைஞர்களிடம் முப்பது ஆண்டில் இருபது புள்ளி. சராசரி எப்போதும் 100ஆக இருப்பதால் இது கண்ணில் படாமலே இருந்தது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் கோட்டை உயர்த்தி மீண்டும் 100 என்று எழுதிவிடுவார்கள். இன்றைய கோட்டை வைத்து அளந்தால் 1910ஆம் ஆண்டு மனிதரின் சராசரி 70 வரும் என்று ஃபிளின் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் கொள்ளுத்தாத்தாக்கள் எல்லாம் அறிவுக் குறைபாடு உள்ளவர்களா? நிலத்தையும் கடன் கணக்கையும் அவர்கள் கையாண்ட விதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஃபிளின் சொன்ன விளக்கம் அந்த ஒற்றுமைக் கேள்விக்கு நம்மைத் திருப்பிக் கொண்டுவருகிறது. நாய்க்கும் முயலுக்கும் என்ன ஒற்றுமை? இன்றைய பள்ளிக் குழந்தை பாலூட்டிகள் என்று சொல்லும். நூறு ஆண்டுக்கு முந்தைய கிராமத்தார், நாயை வைத்து முயல் பிடிக்கலாம் என்பார். உலகைப் பயன்பாட்டால் பார்ப்பவருக்கு அதுதான் முக்கியம்; பாலூட்டி என்பது தெரிந்து என்ன ஆகப்போகிறது? ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 32இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் இதை நேரில் கண்டார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை: இதில் சேராதது எது? எல்லாம் வேண்டும் என்றார்கள் விவசாயிகள். அறுக்கக் கட்டை இல்லாமல் ரம்பம் எதற்கு? பள்ளிக்கூடம் போய்வந்த இளைஞர்கள் உடனே கட்டையை விலக்கினார்கள். வகைப்படுத்தும் பழக்கமும் கைக்கு வராத ஒன்றை வைத்து யோசிக்கும் பழக்கமும் பள்ளியோடும் நவீன வேலைகளோடும் பரவின. சோதனை பெரிதும் அளப்பது அந்தப் பழக்கத்தை. நார்வேயில் 1970களின் நடுப்பகுதிக்குப் பின் பிறந்தவர்களிடம் ஏற்றம் நின்று இறக்கம் தொடங்கியதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளிடையே கூட அந்த இறக்கம் இருந்ததால், பரம்பரையைக் காரணம் காட்ட வழியில்லை.

அப்படியானால் இது வெத்து எண்ணா?

மூன்றாமவர் எழுந்து போனாரே, அவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1932 ஜூன் 1 அன்று ஸ்காட்லாந்தில் 1921இல் பிறந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும், 87,498 பேர், ஒரே சோதனையை எழுதினார்கள். அந்தத் தாள்கள் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தன. இயன் டியரி குழுவினர் அவற்றைக் கண்டெடுத்து, 1998இல் அதே ஜூன் 1 அன்று அபர்டீன் நகரில் 101 முதியவர்களை உட்காரவைத்து அதே தாளை மீண்டும் எழுதவைத்தார்கள். 66 ஆண்டு இடைவெளி. போர், திருமணம், வேலை, நோய் எல்லாம் கடந்தும், பதினொரு வயது மதிப்பெண்ணுக்கும் எழுபத்தேழு வயது மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு, அதாவது இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு, 0.63 என்று வந்தது (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை). வெறும் விளையாட்டு எண் இப்படி நிலைத்து நிற்காது. பள்ளி மதிப்பெண்ணோடும் ஐ.கியூ.வுக்கு 0.5 அளவில் ஒட்டுறவு உண்டு. அதை இருபடியாக்கினால் 0.25. மாணவர்களிடையே காணும் வேறுபாட்டில் கால் பங்கை அது விளக்குகிறது. முக்கால் பங்கு வேறெங்கோ இருக்கிறது.

அந்த முக்கால் பங்கைக் கவனிக்காமல் விட்டவர் டெர்மன். 1921இல் கலிஃபோர்னியாவில் உயர்ந்த ஐ.கியூ. உள்ள ஆயிரத்து ஐந்நூறு குழந்தைகளைத் திரட்டி, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். பலர் நன்றாக வாழ்ந்தார்கள். பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள் ஆனார்கள். ஒருவருக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. எண் போதவில்லை என்று விலக்கப்பட்ட வில்லியம் ஷாக்லிக்கு 1956இலும் லூயிஸ் அல்வாரெஸுக்கு 1968இலும் இயற்பியல் நோபல் கிடைத்தது. தன்னை விலக்கிய அதே எண்ணை வைத்துக்கொண்டு ஷாக்லி பின்னாளில் இனவாதம் பேசித் திரிந்தார் என்பது தனிச் சோகம். இயற்பியல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் ஃபைன்மனுக்குப் பள்ளிச் சோதனையில் 125 வந்ததாகப் பதிவு. மென்சா அவரைச் சேர்த்துக்கொண்டிருக்காது.

நாடுவாரி ஐ.கியூ. வரைபடங்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ரிச்சர்ட் லின், டாட்டு வான்ஹானன் இருவரின் 2002ஆம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து கிளம்பியவை பல. அதில் இருந்த 185 நாடுகளில் 104க்குத் தரவே கிடையாது. அண்டை நாடுகளைப் பார்த்து நிரப்பினார்கள். ஈக்வடோரியல் கினியாவின் எண், ஸ்பெயினில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான இல்லத்தில் எடுத்தது. இதன் மேல் வண்ணம் பூசிய படத்தை வைத்து எந்த இனம் உயர்ந்தது என்று வாதிடுபவரிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நம் ஊரில் இந்த எண்ணை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர். எழுத்துக்கூட்டி வாசிக்கக் குழந்தை திணறினால், கற்றல் குறைபாட்டுச் சான்று தருவதற்கு முன் ஐ.கியூ. சோதனை செய்வார்கள். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதற்கு 85 என்ற கோட்டை வைத்தது. சோதனைகளில் ஒன்று, 1969இல் நாக்பூரில் மாலின் என்பவர் வெக்ஸ்லரின் பழைய குழந்தைகள் சோதனையை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றி அமைத்தது. இன்னொன்று, 1930களில் காமத் பினேயின் சோதனையை மராத்தியிலும் கன்னடத்திலும் தழுவியது. அது இன்னும் மன வயதைத்தான் கணக்கிடுகிறது. ஃபிளின் சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய குழந்தைகளோடு இன்றைய குழந்தையை ஒப்பிட்டால் எண் உப்பித் தெரிய வாய்ப்பு அதிகம். எந்தச் சோதனை, எந்த ஆண்டு மாதிரி என்று உளவியலாளரிடம் கேட்பது மரியாதைக் குறைவில்லை; நல்லவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் 104 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரிதான், அப்புறம் ஏன் படிக்கமாட்டேன் என்கிறான் என்று வீட்டில் திட்டு விழும். அடுத்த பக்கத்தில் மொழித் திறன் 122, வேகம் 84 என்று தனித்தனியாக இருக்கலாம். நன்றாகப் புரிந்துகொண்டு, அதை எழுதி முடிக்க மட்டும் நேரம் போதாமல் தவிக்கும் பிள்ளை அது. அவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க வேண்டும் என்பது அந்த இரண்டாம் பக்கத்தைப் படித்தவருக்குத்தான் தோன்றும்.